மூன்றுக்குக் குறைந்தால்

பேனை திரையில் படுவது ஒரு நிகழ்வு.
எடுபடுவது இன்னொன்று.
நடுவில் இழுபட்டதெல்லாம் சேர்ந்து ஒரு கோடு.
கோடு சேர்ந்தவுடன் என் நிரலைத் தட்டி எழுப்பும்:
ஒன்று வந்திருக்கிறது, என்ன செய்ய?

கிளிநொச்சியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்,
மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானம்
அதற்கு நான் பதில் எழுதி வைத்தேன்.
மூன்று புள்ளிக்குக் குறைந்த கோடென்றால் அழி.
அது கைநடுக்கம், வியர்வை, இலையான்.
எழுதிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

அம்பகாமத்துக் காட்டோரம் சோதனை.
கண்ணிவெடி அகற்றும் பெண்கள் பதினான்கு பேர்
முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வரவுக்குக் கையொப்பமிட வந்தார்கள்.
செவ்வந்தி எழுதினாள்.
திரையில் செவவநதி.
"பாருங்கோடி, நான் நதியாப் போனன்."
நானும் சிரித்தேன். ஏட்டுச் சுவடியிலும்
புள்ளி வைக்கிறதில்லை,
படிக்கிறவன் போட்டுக்கொள்ளுவான் என்று
கதை விட்டேன்.

பத்தரை மணி. இரண்டாம் பாதையில்
அவளுடைய கருவி கத்தியது.
மண்ணை விரல் விரலாக வழித்து
ஓரம் தெரிந்ததும் எழும்பி வந்து
வரைபடத்தில் பேனையால் ஒரு குத்து.
எடுத்தாள். இல்லை.
இன்னொரு குத்து, கொஞ்சம் அழுத்தி.
இல்லை.
கோபிக்கவில்லை.
"தம்பி, அப்பிடி ஒண்டும் அங்க இல்லையாம்
உங்கட மெசின் சொல்லுது"
என்றுவிட்டுச் சிவப்புத் தடி ஒன்றை எடுத்துக்கொண்டு
வந்த வழியே போனாள்.

எனக்குத்தான் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
வீரை மரத்தடியில் கணினியைத் திறந்து
அந்த வரியைத் தேடினேன்.
பிழை ஏதும் காட்டாத வரி.
சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது,
காலையில் ஒரு பெயரில் மூன்று தரம்,
பிறகு இரண்டு தரம்.

இப்போது அது அழிப்பதில்லை. கேட்கும்:
சின்னதாக ஒன்று. வைப்பதா, விடுவதா?

பின்னேரம் அவள் மறுபடி குத்தவும்
ஐப்பசியின் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.
திரையில் பதினொரு துளி,
பன்னிரண்டு கேள்வி.
செவ்வந்தி சட்டைக்கையால் துடைக்கவில்லை.
விடு, விடு, விடு என்று
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவள்
எட்டாவதில் நிறுத்தினாள்.
குனிந்தாள். தடி நட்ட பக்கம்
ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.
வை.

இன்னும் நாலு இருந்தன.