பாலனுக்குப் பல்

இருபத்து மூன்றாம் திகதி பின்னேரம்
மழை விடுகிறாப்போல் பாவனை காட்டியது.
கேக் தட்டு இரண்டையும் பொலித்தீனால் சுற்றி
மடியில் வைத்து
ஓட்டோவில் கல்லடிப் பாலம் கடந்தேன்.
வாவி கலங்கி, பால்தேத்தண்ணி நிறத்தில்
பாலத்தின் கால்களை நக்கிக்கொண்டிருந்தது.

நியாஸ் நானாவின் பேக்கரியில்
எனக்கு முன்னால் முப்பது தட்டு.
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி:
பெர்ப்பெச்சுவா ரீச்சர், இரண்டு.
சின்ன உப்போடை ஜெறோம், ஒன்று.
கொன்வென்ற் சிஸ்டர்மார், ஆறு.
"போறணை ஒண்டுதான் தம்பி,
பாலன் பிறக்கிறதுக்குள்ள தருவன்" என்றார் நானா,
மாவுக்கையால் என் பெயரை எழுதியபடி.

தாண்டவன்வெளியில், வீட்டில், பதினேழு பேர்.
கக்கூஸ் ஒன்று.
வாழைச்சேனை மச்சான் குடும்பம்
சுரூபத்தடியில் பாய் விரித்திருந்தது.
அக்கரைப்பற்றுச் சித்தப்பா சைவக்காரர்,
ஆனாலும் பாலன் கூட்டுக்கு வைக்கோல் பரப்ப
அவரைவிட்டால் ஆளில்லை.
ஒட்டகத்துக்கு மட்டும் ரகசியமாய்த் திருநீறு பூசுவார்.
கேட்டால், "தூர இடத்தால வாற சீவன்,
கண்ணூறு படாதா?"

அன்றிரவு நுளம்பு வலைக்குள்
செரோமி என் காதோடு சொன்னாள்:
"அப்பா, பாலனுக்குப் பல் இல்லத்தானே.
என்ர பல்ல நான் கேக்குக்குள்ள போட்டுட்டன்."

முந்தாநாள் விழுந்த பல்.
ரவைக்குள், கஜுவுக்குள்,
முப்பது முட்டைக்குள்.

விடிய, பதினேழு காதுக்கும் சேதி போய்விட்டது.
எறிவமா என்றாள் மச்சாள்.
முட்டை என்ன விலை தெரியுமா என்றாள் என் மனைவி.
சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்:
"விழுங்காம மெண்டு தின்னுங்க."

நள்ளிரவுப் பூசை முடிந்து
சப்பாத்துக்குள் வெள்ளத்தோடு திரும்பினோம்.
கறண்ட் போயிருந்தது.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
கடலைத் தட்டில் கல் பொறுக்குகிறவர்கள்போல்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மென்றோம்.
கடக் என்று கேட்டால் எல்லாத் தலையும் திரும்பும்.
கஜு.
பிறகும் கஜு.
ஒருமுறை, மச்சானின் பல்லடைப்பு.
சின்னதுகள் சிரித்துச் சிரித்து
மேசைக்குக் கீழே உருண்டன.

இரண்டு தட்டும் தீர்ந்தன, பல் வரவில்லை.
நானா தட்டை மாற்றிவிட்டார் என்றான் மச்சான்.
"சிஸ்டர்மாருக்குத்தான் போயிருக்கும்,
ஒரு புதுமை நடந்ததெண்டு
கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க"
என்றார் சித்தப்பா.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கடைசிக் கதிரையில் எமெல்டா அக்கா
மெல்லுவதை இடையில் நிறுத்தியதை,
கைலேஞ்சியை வாயருகே கொண்டுபோனதை,
எதையோ மடித்து இடுப்பில் செருகியதை
பார்த்திருந்தேன்.
பிறகு தண்ணீர் குடித்தாள்.
"இந்தமுறை கேக் நல்லா வந்திருக்கு" என்றாள்.

அக்கா வீட்டுச் சுவரில் ஒரு படம்.
முன்பல் இரண்டும் இல்லாத வாயை
முழுசாய்த் திறந்து மெலனி சிரிக்கிறாள்,
நத்தார்ச் சட்டையோடு, நாவலடியில்.
கடல் வருவதற்கு முதல்நாள் எடுத்தது.

இருபத்தாறு விடியற்புறம்.
பாயில் கால்களும் கைகளும்
யாருடையதென்று தெரியாமல் கிடக்க
அக்கா வெள்ளைச் சேலையில் படலையடியில் நின்றாள்,
மெழுகுதிரிப் பெட்டி கையில்.
ஓட்டோ பிடிச்சுத் தரட்டா என்றேன்.
பாலம் மட்டும் நடக்கிறன் என்றாள்.

அரை நித்திரையில் எழும்பி வந்த செரோமி
சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.
"மாமி, பாலனுக்குப் பல்லுக் கிடைச்சிருக்குமா?"

அக்கா குனிந்தாள்.
பிள்ளையின் முரசில் இருந்த பள்ளத்தை
விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.
புதுப்பல்லின் வெள்ளைக் கூர் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.
கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கிடைச்சிற்று மனே" என்றாள்,
"அளவா இருக்காம்."

மழை திரும்பவும் தொடங்கியது.
குடை வேண்டாம் என்றாள்,
பிறகு வாங்கிக்கொண்டு போனாள்.