எரியாத லைற்

மூன்று தரம் நின்றது.
மூன்று தரமும் பண்ணைப் பாலத்தில்.
உப்புக்காற்று வயரின் தோலுக்குள் நுழைந்து
செம்பைப் பாசிபோலப் பச்சையாக்கும் என்பது
பிறகுதான் தெரியவந்தது.
அன்று தெரிந்ததெல்லாம் உதைக்க மட்டும்.
உதைத்தேன். பிளக்கைக் கழற்றி ஊதினேன்.
கடலைப் பேசினேன், கேட்க ஆளில்லாததால் உரத்து.

வேலணையில் ஒரு பசு
கயிறு அறுக்கும் கத்தலில் நின்றது.
பதினெட்டு மணித்தியாலம் பொறுக்கும்.
தவறினால் இருபத்தொரு நாள்.
சினைக்குச்சிகள் கிடந்த குளிர்க்குடுவையோடு
நான் போய்ச் சேர இருட்டிவிட்டது.
அற்புதமலர் ஒன்றும் சொல்லவில்லை.
கை கழுவத் தண்ணி தந்தா.

ஞாயிறு, டிஸ்கவரின் பக்க மூடியைக் கழற்றினேன்.
பற்றரியில் புறப்படுகிற மின்சாரம்
பிளக்கில் பொறியாக விழுமுன்
எத்தனை வாசல் கடக்கிறது என்று
பால்மாப் பெட்டி மட்டையில் கீறினேன்.
பியூஸ்,
திறப்பு,
கைப்பிடியில் இருக்கிற சிவப்புச் சுவிற்ச்,
கடைசியில் அந்தக் கறுத்தப் பெட்டி,
அதற்குள் என்ன நடக்கிறதென்று
விற்றவனுக்கும் தெரியாது.

வாசலுக்கு ஒரு எல்.ஈ.டி. வைத்தேன்.
ஒரு காலில் ஒரு கிலோ ஓம் தடை,
மற்றக் கால் இரும்புச் சட்டகத்தில்.
மூன்று சிவப்பு, கஸ்தூரியார் வீதியில் வாங்கினது.
நாலாவது பச்சை,
அண்ணையின் மகன் உடைத்த விளையாட்டுத் துவக்கிலிருந்து.
ஆணியைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக்கைத் துளைத்தபோது
வீடெல்லாம் நாறியதென்று அண்ணி இரண்டு நாள் கதைக்கவில்லை.

கணக்குச் சுகம்.
திறப்பைப் போடு, முன்னாலிருந்து எண்ணு.
எரிகிற மட்டும் நல்லது.
முதலில் எது எரியவில்லையோ
அதற்கும் அதற்கு முந்தினதற்கும் இடையில் தேடு.

நாலாம் தரம் பாலத்தில் நின்றபோது
இரண்டாவது இருண்டிருந்தது.
ஹெட்லைற்றுக்குப் பின்னால் ஒரு இணைப்பி, முழுப் பச்சை.
சட்டைப் பின்னால் சுரண்டினேன்.
ஏழு நிமிஷம்.
கடலை அன்று பேசவில்லை.

பிறகு அல்லைப்பிட்டிச் சோதனைச்சாவடி.
குடுவையின் புகை அவர்களுக்குப் பழக்கம்,
மாட்டுக்காரி என்று கையசைத்து விடுவார்கள்.
அன்று நின்றவன் புதுசு.
அடையாள அட்டையில் யோகசௌந்தரி
அவன் வாயில் அகப்படவில்லை.
அவன் நெஞ்சுப்பட்டியில் எழுதியிருந்ததை
எனக்கும் வாசிக்கத் தெரியாது.
குனிந்தான். நாலு வெளிச்சம்.
"மே மொனவாத?"

வயர் என்ற சொல்லுக்கு
இந்தப் பக்கத்தில் இன்னொரு பொருள் இருந்தது.
அதை மறந்து
நான் நாலு நிறத்தில் வாங்கியிருந்தேன்.

திறப்பை எடுக்கச் சொன்னான். எடுத்தேன்.
மூடியைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன்.
சிவப்பு வயரைப் பிடித்து விரலாலேயே நடந்தான்,
பற்றரியிலிருந்து பியூசுக்கு, பியூசிலிருந்து உள்ளே,
முழங்கை வரைக்கும் உள்ளே.
இன்னொருவன் வந்தான். பிறகு ஒருவன்.
பாலத்தால் போன பஸ் மெதுவாகி
என்னைப் பார்த்துவிட்டு வேகமெடுத்தது.
என் தமிழும் அவன் சிங்களமும்
அரைவாசி அரைவாசியாய் முட்டி நின்றபின்
போகச் சொன்னான்.

உதைத்தேன். இல்லை.
திரும்ப. இல்லை.
மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
குனிந்து எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பச்சை எரியவில்லை.

வாயால் சொல்லத் துணிவில்லை.
விரலால் காட்டினேன், மூன்றாவதை, பிறகு நாலாவதை,
பிறகு இரண்டுக்கும் நடுவில்
அவன் கை போய்வந்த இடத்தை.
அவன் என்னைப் பார்த்தான். இடத்தைப் பார்த்தான்.
அரைவாசி கழன்றிருந்த இணைப்பியை
பெருவிரலால் அழுத்தினான். டிக்.
விளையாட்டுத் துவக்கின் பச்சை
அவன் நகத்தில் விழுந்தது.

"எவ்வளவு?" என்றான், தமிழில்.
"தொண்ணூறு ரூபா, நாலும்."
பச்சை எங்கே எடுத்ததென்று கேட்கவில்லை.
நல்லது.

பசுவுக்கு அன்று நேரத்துக்குப் போனேன்.
கை சுத்தம், குச்சி சரியான சூட்டில்,
எல்லாம் ஒழுங்கு.
இருபத்தொராம் நாள் அற்புதமலர் போன் எடுத்தா.
பின்னால் அதே கத்தல்.
எங்கே பிழைத்ததென்று கேட்டா.
அந்தப் பாதையில் வைக்க
என்னிடம் லைற் இல்லை.
திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.