காரணம்: மற்றவை

டூசானில் ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் வேலை.
விலைக்கு வாங்கிய பெயர் சரியில்லை என்கிறவர்கள்
என் திரைக்கு வருவார்கள், வரிசை எண்களாக.
தவறான போன் நம்பர். ஒரே ஆள் இரண்டு தடவை. வாடகைக்குடி.
இந்த மூன்றுக்கும் பணம் திரும்பும்.
நான்காவதாக ஒரு கட்டம் உண்டு, மற்றவை.
அதற்கு இதுவரை ஒரு சென்ட் கொடுத்ததில்லை.

லாஹ்ட்டி ஹீட்டிங், டுலூத், மினசோட்டா.
அறுபத்தொரு டாலர் திரும்பக் கேட்கிறார்.
பதிவைத் திறந்தேன்.

இரவு ஒன்பது பதினான்கு, ஏழாவது வினாடி.
ஒரு பெண் படிவத்தை நிரப்பி
'அனுப்பு' என்பதைத் தொடுகிறாள்.
கையுறையைக் கழற்றியிருப்பாள், அது பதிவில் இல்லை.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
அதுவும் இல்லை, நானாகத் தேடிப் பார்த்தது.

முதலில் பெயரை மறைத்துத்தான் கூவுவோம்:
அஞ்சல் எண், சொந்த வீடு,
கேஸ் ஃபர்னஸ், வயது இருபத்திரண்டு,
எப்போது வேண்டும், இன்றே.
இந்த அரைச் சேதி பதினோரு கதவுகளைத் தட்டும்.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுக்க நேரமில்லை.
துண்டுக்கடியில் விரல் பிடிக்கிற கதைதான்,
ஒருவர் சொன்ன விலை அடுத்தவருக்குத் தெரியாது.
அட்லாண்டா முப்பத்தெட்டு.
தாம்பா நாற்பத்துநான்கு.
ஃபார்கோக்காரர் அன்றைய அளவு தீர்ந்து தூங்கப் போய்விட்டார்,
அவருடைய இயந்திரம் விழித்திருந்து வேண்டாமென்றது.
ஐம்பத்திரண்டு தருகிறேன் என்று ஓடிவந்த ஒன்று
நான்கு மில்லி வினாடி பிந்தியது.
சாத்தின கதவு சாத்தினதுதான்.

முடிந்த பிறகே பெயர் போகும்,
தெரு போகும், போன் போகும்:
மார்லிஸ் ஹாகன்.
இவ்வளவும் ஓர் இமை பாதி இறங்குவதற்குள்.

தாம்பாவில் யாருக்கும் ஃபர்னஸின் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாது.
அவர்கள் வாங்குவது விற்க.
எங்கள் சந்தைக்கே பின்வாசல் வழியாக வந்து
ஒரு மார்லிஸை மூன்று பேருக்குக் கொடுத்தார்கள்,
ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று.
அந்த மூன்றாவது ஆள்
அக்டோபரிலேயே எழுதி வைத்திருந்தார்:
பதினைந்து மைலுக்குள், சொந்த வீடு, கேஸ்,
அறுபத்தைந்துக்கு மேல் போகாதே.

குளோக்கேயிலிருந்து முதல் அழைப்பு, பதினோராவது வினாடி.
சுப்பீரியரிலிருந்து அடுத்தது, பத்தொன்பதில்.
லாஹ்ட்டியின் கட்டத்தில் அழைப்பு நேரம் காலி.
அதற்குப் பதில் விளக்கம் எழுதியிருக்கிறார்:

மார்லிஸ் எங்கள் எதிர்சாரியில் மூன்றாம் வீடு.
அவள் நம்பர் பத்து வருடமாக என்னிடம் இருக்கிறது.
கூப்பிட்டேன். எங்கேஜ்டு, எங்கேஜ்டு.
நீங்கள் விற்ற மற்ற ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் போல.
டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு எட்டு, திரும்பும்போது எண்ணினேன்.
கோர்டி, நீயா, என்றாள்.
நீ தூங்கியிருப்பாய் என்றுதான் எங்கேயோ எழுதிப் போட்டேன் என்றாள்.
ஃப்ளேம் சென்சரில் கரி. துடைத்தேன். பற்றிக்கொண்டது.
இதற்கு அவளிடம் என்ன வாங்குவது?
வாங்காவிட்டால் உங்கள் அறுபத்தொன்றை
நான் எந்த வரியில் எழுதுவது?

இரண்டு முறை படித்தேன்.
நம்பர் சரி. ஆள் சரி. வீடு அவளுடையது.
வேலையும் முடிந்திருக்கிறது.
எங்கள் தராசில் இதைவிட நல்ல சரக்கு கிடையாது.
'ஏற்கெனவே தெரிந்தவர்' என்றொரு கட்டம் கிடையாது.
மறுக்கப்பட்டது என்று அழுத்திவிட்டுக்
காப்பி எடுக்கப் போனேன்.

வியாழக்கிழமை வேறெதற்கோ அவர் கணக்கைத் திறந்தால்
பதினைந்து மைலுக்குள் என்ற வரிக்குக் கீழே
புதிதாக ஒரு வரி,
ஒரு மைலுக்கு அப்பால்.

இயந்திரம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது.
இனி அந்தத் தெருவில் ராத்திரி ஒரு ஃபர்னஸ் நின்றால்
தாம்பா வழியாகக்
குளோக்கேதான் வரும்.