பாரம்

நாசரேத்திலிருந்து வந்தவன் நான்.
தூத்துக்குடி ஜில்லா நாசரேத்து.
கும்பகோணத்துப் பையன்களுக்கு என் பேச்சே வேடிக்கை.
"ஏலேன்னு ஒரு தடவ சொல்லுங்கண்ணே."

புதன்கிழமை மாலை ஐந்தரை,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை,
பதினாறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஒன்பது பேர் வந்தால்
ஏறக்குறைய பதினைந்து என்று அறிக்கை அனுப்புவேன்.
ஏறக்குறைய என்பது பொய்யில் சேராது என்று
கர்த்தரிடம் வாதாடியிருக்கிறேன்.

முழங்காலில் காய்ப்பு உண்டு எனக்கு.
யாராவது பார்த்தால் மறைப்பேன்,
அவர்கள் பார்க்கும்படி மறைப்பேன்.

விடியற்காலம் நாலரைக்கு ஒரு நோட்டு.
பெயர்கள் மைப்பேனாவில், நீலம்.
குறிப்புகள் பால்பாயிண்டில், சிவப்பு.
மாசிலாமணி: வேலைக்காக.
ரெக்ஸ்லின்: பின்மாற்றம்.
அமிர்தகடேசன், பி.காம்., மூன்றாம் வருடம்:
கடின இருதயம்.

ஆற்றுப்பாலத்தில் நான் கொடுத்த கைப்பிரதியை
நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவன்.
கீழே ஜெராக்ஸ் கடையில் சாயங்கால வேலை அவனுக்கு.
எங்கள் ஜெபக்குறிப்புகளை
ஐம்பது பைசாவுக்கு நகல் எடுத்துத் தந்தவனும் அவனே.

தை மாதம் ஒரு புதன் அந்த நோட்டை மேலேயே மறந்தேன்.
வெள்ளிக்கிழமை கொண்டுவந்து நீட்டினான்.
"என் பேரு இருந்துச்சு. படிச்சுட்டேண்ணே, மன்னிச்சுக்குங்க."
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"பாலத்துல காயிதம் குடுத்தீங்கள்ல,
அது அப்பாவுக்குப் பதினாறு முடிஞ்ச மறுநாளு.
மொட்டையப் பாத்துட்டு, வேண்டுதலான்னு கேட்டீங்க.
ஆமான்னுட்டேன்.
எதுக்குப் பெரிய கதைன்னு."

அவன் பின்னால் எந்திரத்தின் வெளிச்சம்
கண்ணாடிக்கடியில் போய்ப் போய் வந்தது.
மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வசனமெல்லாம்
அடுத்தவர்களுக்காக மனப்பாடம் செய்தவை.

அப்போது அவன் போன் அடித்தது. அம்மா.
பந்தநல்லூர்ப் பக்கம் வானம் கட்டிவிட்டதாம்.
கொள்முதல் நிலைய வாசலில் நாலு நாளாய் நெல்,
ஈரப்பதம் பத்தொன்பது என்று தள்ளிவைத்த நெல்,
அப்பா நட்டுவிட்டுப் போனது.
கடைசி பஸ் போயிருந்தது.
என்னிடம் பைக் இருந்தது.
அன்றைக்கு என்னிடம் இருந்ததே அதுதான்.

போய்ச் சேர்வதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது.
குவியலை வாரி, கிடைத்த சாக்கில் கட்டி,
கொட்டகைக்குள் தூக்க வேண்டும்.
மூன்று வருடமாக நான் கேட்ட ஜெபம் ஒன்று:
ஆண்டவரே, இந்த மாணவர்கள்மேல் எனக்குப் பாரம் தாரும்.
யாரோ ஒருவர் என் பிடரியில் இறக்கிவைத்தார்.
அறுபது கிலோ இருக்கும்.

நாலாவது நடையில் முழங்காலில் விழுந்தேன்,
சேற்றில், வழுக்கி.
கொட்டகையே சிரித்தது. நானும்தான்.

"யாரு தம்பி இவரு?" என்றார் அவன் அம்மா.
"கடைக்கு மேல இருக்குற அண்ணன்."
ஊழியக்காரன் என்று அவன் சொல்லவில்லை.
நானும் திருத்தவில்லை.

தூக்கியது போக மிச்சத்துக்குத் தார்ப்பாய்.
ஆளுக்கொரு மூலை, காலடியில் மிதித்து,
காற்று இழுக்க இழுக்க இரண்டு மணி வரை.
இருட்டில் அவன் குரல்:
"இப்ப ஜெபம் பண்றீங்களாண்ணே?"
"இல்லடே."
நிஜமாகவே இல்லை. கை மரத்திருந்தது.
"பண்ணுங்க," என்றான்,
"அந்த மூலைய மட்டும் விட்டுறாதீங்க."

அடுத்த புதன் அவன் மேலே வரவில்லை.
அதற்கடுத்த புதனும்.
கீழிருந்து டீ மட்டும் வந்தது, ஒன்பது தம்ளர்.
அந்த மாத அறிக்கையில் ஒன்பது என்றே எழுதினேன்.

பெட்ரோல் டேங்க் உறையில் வைத்த நோட்டு
அன்றைக்கே நனைந்துபோனது.
நீலம் முழுக்கக் கரைந்து ஓடிவிட்டது.
சிவப்பு நிற்கிறது.
பெயரில்லாத ஒரு வரியில்
கடின இருதயம்.
நாலரைக்கு எழுந்ததும்
அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.