அடிப்பிடித்த பால்

பால் பொங்கி, வற்றி, கருகி
வாடை தெருவுக்குப் போனபோது
நான் மோட்டார் கொட்டகையில்
ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.
மேட்டூர்த் தண்ணி இன்னும்
நீடாமங்கலம் வந்து சேரவில்லை.

மனோரஞ்சிதம் தஞ்சாவூரில்,
தங்கச்சி பிரசவத்துக்குத் துணையாக.
போனில் சொன்னாள்:
"சூட்டோட பச்சத் தண்ணி ஊத்தாதீங்க,
குண்டான் கோணிக்கும்.
ஆறினப்புறம் ரெண்டு விரல் தண்ணி,
ஒரு கை கல்லுப்பு,
சிம்முல வச்சுக் கொதிக்க விடுங்க.
மரக் கரண்டியால சும்மா தள்ளுங்க.
இரும்பு நாரைத் தொட்டீங்க,
வந்து பேசிக்கிறேன்."

தள்ளினேன்.
சித்திரையில் வாய்க்கால் வண்டல்
ஓரம் சுருண்டு எழும்புமே, அப்படி
பட்டை பட்டையாக வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
கைக்கு வேலை ருசித்துவிட்டது.
மேடைப் பிசுக்குக்கு
வெந்நீரில் கரைத்த சீயக்காய்.
குக்கர் வளையத்தைக் கழற்றினால்
பள்ளத்தில் போன வாரத்துப் பருப்பு;
அதற்குப் பழைய பல் பிரஷ்.
தொட்டிக் குழாயில் ஆப்ப சோடா, மேலே வினிகர்,
நுரை அடங்கியதும் ஒரு கெட்டில் வெந்நீர்.

பிறகு குண்டானைக் கவிழ்த்தேன்.
விறகடுப்பில் எரித்த காலத்துக் கரி.
ஈரத் தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன்.
சாம்பலைச் சலித்துக்கொள்ள வேண்டும்,
இல்லாவிட்டால் கீறும்
(இது அவள் சொல்லாதது, நானே பட்டது).
அரை மணியில் ஒரு புள்ளி.
புள்ளிகள் சேர்ந்து ஒரு கோ.
அப்புறம் ஒரு தை.

கோ. தையல்நாயகி 14.6.98

மேலண்டை வீடு.
சாக்கடை எந்தப் பக்கம் திரும்புவது என்று
பஞ்சாயத்து வரை போய்
ஏழு வருஷமாக எங்களோடு பேசாத வீடு.

மறுபடி போன் போட்டேன்.
"குண்டான்ல பேரு இருக்கு."
அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி லிஃப்ட் மணி அடித்து ஓய்ந்தது.
"அதுவரைக்குமா தேச்சீங்க?" என்றாள்.

வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது.
அரைக் கிலோ சர்க்கரையைக் கொட்டி
துண்டால் மூடி எடுத்துப் போனேன்.
தையல்நாயகி கதவை முழுசாகத் திறக்கவில்லை.
வாங்கிக்கொண்டு உள்ளே போய்
சர்க்கரையை எதிலோ கவிழ்க்கும் சத்தம்.
திரும்பி வந்தாள், கையில் குண்டான்.
அடியைத் திருப்பிப் பேரைத் தடவினாள்.
உள்ளே பார்த்தாள்.
பழுப்பாக ஒரு வளையம்
அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு:
"எலுமிச்சந் தோலு போட்டு
ஒரு கொதி விடலியா?"