முழுக்கைச் சட்டை

கத்திரி பிறந்து பதினோராம் நாள்.
பாபநாசம் லாட்ஜில் ஃபேன் இருக்கிற சூட்டையே
எடுத்து எடுத்துப் பரிமாறுகிறது.
"எந்திட்டி, ஆம்பளையாளு வாரதுக்குள்ள
முங்கிட்டு வந்துருவோம்"
என்கிறாள் பிரம்மசக்தி.
மணி ஐந்தேகால்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
மூன்று நாள் லீவுக்கு
மூன்று மாதம் மன்றாடிய நர்சுகள் நாங்கள்.
சுடிதார், ஒரு துண்டு,
பாதி தேய்ந்த சோப்பு.
படித்துறை தாண்டி, மருதமரத்து வேர் பிடித்து
மேற்கே இறங்கினால் மடு.

அங்கே ஒரு போர்டு.
'இங்கே குளிக்காதீர்கள். இதுவரை இறந்தவர்கள்'
என்ற எழுத்து பழசு.
எண் மட்டும் புதுப் பெயின்ட்.
அந்த எண்ணில் இரண்டு பேர்
என் வார்டு வழியாகப் போனவர்கள்.
பிரம்மசக்தியிடம் சொல்லவில்லை.

தண்ணீர் அணையின் அடிவயிற்றிலிருந்து வருகிறது.
வெயில் என்று ஒன்று இருப்பதை
அதனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.
முட்டி வரை மரத்தது,
இடுப்பில் மூச்சு நின்றது,
பிறகு என்ன, விழுந்தேன்.

நான் நீச்சல் படித்தது
நாங்குநேரிப் பக்கம் கல்குவாரிக் குழியில்,
அண்ணனின் லாரி டியூபைத் திருடிக்கொண்டு போய்.
அது நின்ற தண்ணீர். எங்கே போகிறாய் என்று கேட்காது.
இது ஒவ்வொரு கைவீச்சுக்கும் கேட்கிறது.
எதிர்த்து நான்கு வீச்சு,
அது இரண்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.
பொதிகை மேல் வெளிச்சம் விழுந்தபோது
மல்லாந்து கிடந்தேன்.
காதுக்குள் கூழாங்கல் உருளும் சத்தம்.
பதினான்கு வருடத்தில் முதல்முறை
யாரும் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடவில்லை.

அப்போதுதான் கெண்டைக்காலை
ஒரு கை பிடித்தது.

இழுக்கவில்லை. சும்மா பிடித்தது.
ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், அலறினேன்,
எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்த்துவிட்டேன்.
உதறி, பிடுங்கி, கரையில் போட்டால்
முழுக்கைச் சட்டை.
நீலக் கோடு, சந்தனக் கலர்,
மணிக்கட்டுப் பித்தான் போட்டபடி.

கருமாதி முடித்து, உடுத்ததை
ஆற்றோடு விட்டுப் போகிற ஊர் இது.
யாருடையதோ.
பித்தானைக் கழற்றாமல்
எப்படி உருவினார்களோ.

"தீட்டுட்டி, தூரப் போடு."
பிரம்மசக்தி கழுத்தளவில் நின்று
பாறையைக் கட்டிப் பிடித்திருக்கிறாள்.
வந்ததிலிருந்து விடவில்லை.

நான் சட்டையைப் பிழிந்தேன்.
காலரை நேராக்கி, கையை உள்ளே மடக்கி,
நான்காக மடித்தேன்.
வார்டில் செய்வது அதுதான்.
பாலிதீன் கவர், பெயர், பெட் நம்பர்,
வாங்கிக்கொள்பவர் கையெழுத்து.
இங்கே கையெழுத்துப் போட
ஒரு தவளை இருந்தது.
சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

ஆறரைக்கு நாகர்கோவில் வேன்.
பையன்கள் பன்னிரண்டு பேர்,
பாறை மேலிருந்து தொபீர் தொபீரென்று.
ஒருவன் தலையைச் சிலுப்பிக்கொண்டு கேட்டான்:
"அக்கா, இந்தச் சட்டை உங்காளுதா?"

"ஆமாப்பா" என்றேன்.
"காயட்டும், மிதிச்சிராத."

பிரம்மசக்திக்கு வாய் பிளந்தது.
கை பாறையை மறந்தது.
இரண்டு நொடி, என்னைத் திட்டிக்கொண்டே,
மிதந்தாள்.