இரண்டு செக்கன்

சனி பின்னேரம், டன்டினொங்கில்
திறப்பைக் கையில் தந்த பையன் சொன்னான்:
இதில் டிஜிட்டல் றேடியோ,
இரைச்சல் என்ற சொல்லையே மறந்துவிடலாம்.
நான் தலையாட்டினேன்.
நந்தகௌரி ஆட்டவில்லை.
மாதக் கட்டுக்காசு எழுதிய தாளை
நாலாக மடித்து, எட்டாக மடித்து
கைப்பைக்குள் வைத்தாள்.

வரும்போது ஒரு கார். திரும்பும்போது இரண்டு.
புதிதில் நான் முன்னால்.
பழைய கொரோலாவில் அவள் பின்னால்.
அதன் அன்டெனா முறிந்து மூன்று வருடம்,
சட்டை மாட்டும் கம்பியை வளைத்துச் செருகியது நான்தான்.
மழை நாளில் அதற்குள்
குதிரைப் பந்தயமும் கிரேக்கப் பூசையும்
ஒரே வாயால் பேசும்.

என் திரையில் எல்லாம் பெயரோடு வந்தது.
திருக வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை.
விரலால் தொட்டேன்:
தமிழ் நிகழ்ச்சி, கழுவித் துடைத்த குரல்,
அறிவிப்பாளர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

ஹாலம் சந்தியில் சிவப்பு.
பின்கண்ணாடியில் அவள் முகம்.
நாலு நாளாக எங்களுக்குள் கதை இல்லை,
உப்பு முடிந்தது, பிள்ளைக்கு ஆறரைக்கு வகுப்பு
என்பவற்றைத் தவிர.
திடீரென்று சிரித்தாள்,
ஸ்டியரிங்கில் நெற்றி முட்ட.
என்னைப் பார்த்தா?
புதுக் காரில் நான் நிமிர்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தா?

அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது பகிடி.
கிளேய்ட்டனில் ஒரு கல்யாணம்,
மைக் பிடித்தவருக்கு மாப்பிள்ளையின் பெயர் மறந்துபோய்,
'சம்பந்தப்பட்டவர் உடனடியாக மேடைக்கு வரவும்.'
நானும் சிரித்தேன்.
பச்சை விழுந்து பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தான்.

அதே நிகழ்ச்சிதான்.
அவளுக்கு அப்படியே காற்றில்.
எனக்கு நறுக்கி, எண்ணாக்கி, பொதிகட்டி,
பிறகு அவிழ்த்து.
இரண்டு செக்கன் பிந்தி.

நாரே வாரனில் அவள் தலை மெல்ல அசைந்தது:
பாட்டு வருகிறது.
பெரிக்கில் உதட்டைச் சுழித்தாள்:
நகைக்கடை விளம்பரம்.
எனக்குக் கேட்கப்போவதை
அவள் முகத்தில் முதலே பார்த்துக்கொண்டு போனேன்.
இவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்து
எவ்வளவு காலம்!
கட்டுக்காசு தாங்காது என்று செவ்வாய்க்கிழமையே சொன்னாள்.
அது மட்டும்
இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.

பக்கன்ஹாம் கடந்து, வயல்வெளி.
ட்ரூவினுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.
மரண அறிவித்தல் தொடங்கியது.
அளவெட்டியைப் பிறப்பிடமாகவும்
ஸ்பிரிங்வேலை வதிவிடமாகவும் கொண்ட

நின்றது.

கரகரப்பு இல்லை. தேய்தல் இல்லை.
யாரோ வாய்க்குள் பஞ்சு வைத்ததுபோல்.
திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது.

கண்ணாடியைப் பார்த்தேன்.
அவள் கை வாயில் இருந்தது.
இரண்டு செக்கன் பொறுத்தேன்.
நாலு.
பத்து.
பெரிய லொறியொன்று எங்களைக் கடந்து போயிற்று.

புன்யிப் திரும்பும் இடத்தில் ஓரங்கட்டினேன்.
அவளும் நிறுத்தினாள்.
ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தால்
உள்ளே ஒரே இரைச்சல்,
அரிசி புடைப்பதுபோல,
அதற்குள் ஒரு குரல்
நல்லடக்க நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆர்? ஆர் செத்தது?"

"எங்களுக்குத் தெரியாத ஆள்" என்றாள்.
சத்தத்தைக் குறைத்தாள்.
"உங்கட வயசு."

அந்த இருக்கையின் ஸ்பிரிங் என் முதுகில் குத்தியது,
எப்போதும் குத்துகிற இடத்தில்.
கைப்பையைத் திறந்து
எட்டாக மடித்த தாளை எடுத்தாள்.
முன்னால் என் புதுக் கார்,
கதவு திறந்தபடி,
வரம்பில் எங்கோ அகப்பட்ட அலையில்
ஒரேயொரு சொல் தெளிவாகச் சொல்லி
மறுபடி வாயை மூடிக்கொண்டது.